ஒரே கை தைத்த சாக்குகள்

ஹந்தானை மலையின் தோளிலிருந்து வெண்பனி மெல்லக் கழன்று இறங்க, பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் முதற்பேருந்து வளைவுதோறும் மூச்சுவாங்கி முனகிக்கொண்டு வர, மேலே சரிவெல்லாம் தேயிலையின் கரும்பச்சையும் கீழே பள்ளமெல்லாம் அறுத்த தாளின் மங்கிய பொன்னிறமுமாய் இருவேறு ஆடை உடுத்துக் கிடந்த பள்ளத்தாக்கு ஒன்றில், மாசித் திங்களின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை விடிந்தது. கத்தோலிக்கரின் தவக்காலமும் இசுலாமியரின் நோன்புத் திங்களும் அவ்வாண்டு ஒருங்கே வந்திருந்தமையால், ஊரில் ஒரு பாதியினர் இறைச்சியைத் துறந்தும் மறுபாதியினர் பகற்பொழுதில் நீரையும் துறந்தும் இருந்தனர். அவ்வூரை நிலப்படத்தில் தேடவேண்டா, வாசகரே. மூங்கிற்பள்ளம் என்று நானே அதற்கொரு பெயர் சூட்டிக்கொள்கிறேன். அங்கு நடந்ததைச் சொன்னால் தலைகுனிய வேண்டியவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள்.

பள்ளத்தின் மேற்கு மேட்டில், பல்லாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, தகரக் கூரை துருவேறி, உள்ளிருந்த பொறிகளெல்லாம் விலைபோய், அடுக்கு மாடங்கள் மட்டும் எஞ்சி நின்றது. பறித்த கொழுந்தைப் பரப்பி வாடவைப்பதற்கென்று அக்காலத்தில் அமைத்த அம்மாடங்களில் காற்று ஒரு புறம் புகுந்து மறு புறம் வெளியேறும். அன்று அங்கே கொழுந்து இல்லை, நெல் இருந்தது. முப்பத்தொரு குடும்பத்தார் தத்தம் களத்திலிருந்து தலைச்சுமையாய்க் கொணர்ந்து, பரப்பி, புரட்டி, உலர்த்தி, கட்டி அடுக்கிய நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை நெல் அது. தேயிலை வாட்டிய மாடத்தில் நெல்லை உலர்த்தலாம் என்னும் எண்ணம் வேறெவருக்கும் எளிதில் தோன்றியிராது. கொழுந்தை ஒரு பிடி அள்ளிப் பார்த்தே அதன் ஈரத்தைச் சொல்லிப் பழகிய தோட்டத்துப் பெண்களுக்குத் தோன்றியது.

உலர்த்துவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் அறுப்பு முடிந்த அன்றே ஆலைக்காரரின் ஆள் பாரவூர்தியோடு வந்து, நெற்குவியலுக்குள் கையை மணிக்கட்டு வரை நுழைத்து, முகத்தைச் சுளித்து, "ஈரம்" என்று ஒரு சொல் சொல்வான். அந்த ஒரு சொல்லில் மூட்டைக்கு மூன்று கிலோ காற்றோடு போய்விடும். உலர்த்த இடமில்லாத உழவன் வானத்தை ஒருமுறை பார்ப்பான், வந்தவன் முகத்தை ஒருமுறை பார்ப்பான், பிறகு கேட்ட விலைக்குக் கொடுப்பான். அந்த விலையும் காதோடு காதாகச் சொல்லப்படும் விலை. அடுத்த வயற்காரன் எதற்குக் கொடுத்தான் என்று இவனுக்குத் தெரியாது. வாயைத் திறந்து கேட்டால் அடுத்த பருவத்தில் இவன் களத்துக்கு வண்டி வராது. உலகிலேயே தான் விளைத்த பொருளுக்குத் தான் விலை சொல்ல முடியாதவன் உழவன் ஒருவன்தான் என்பதை நாம் எல்லாரும் அறிவோம்; அறிந்துகொண்டே சோறும் உண்போம்.

இந்த ஏற்பாட்டை முறிக்க முதலில் எழுந்தவர்கள் இருவர். ஒருத்தி மரியகொறற்றி. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினேழாம் அகவை முதல் கொழுந்து பறித்து, கணவனை இழந்த பின் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையை விட்டுக் கீழிறங்கி, முக்கால் ஏக்கர் வயலைப் பாதி வாரத்துக்கு எடுத்து உழுதவள். உழைப்பு முழுதும் உழுபவருக்கு, விளைச்சலில் பாதி உரிமையாளருக்கு. வாரம் என்பது அவ்வளவுதான். அவ்வயலின் உரிமையாளர் அம்பிட்டியில் வாழும் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர். கொடியவர் அல்லர், கூட்டிக் கழித்துப் பார்ப்பவர். சென்ற மார்கழியில் அவளை அழைத்து, தம் பாதி நெல் கிலோ நூற்றுப்பத்துக்குக் குறையாமல் விலைபோனால் வயலை இன்னும் ஐந்தாண்டுக்கு அவள் பெயரில் எழுதித் தருவதாகவும், போகாவிட்டால் மண் கொட்டி வீட்டுமனையாக்கக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் தெளிவாகச் சொல்லிவிட்டார். வயலை நிரப்பச் சட்டம் இடங்கொடாதே என்பீர்கள். சட்டத்துக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்பது. ஆகவே அந்த நூற்றுப்பத்தின் மேல்தான் அவளுடைய கால்கள் நின்றன. அதிலிருந்து ஒன்று குறைந்தாலும் அவள் மீண்டும் லயத்து அறைக்குத்தான் ஏறவேண்டும்.

மற்றவர் பாரூக். பல தலைமுறைக்கு முன்பே அப்பள்ளத்தில் குடியேறிய இசுலாமியக் குடும்பத்தில் வந்து, தம் சொந்த ஒரு ஏக்கரைத் தாமே சேற்றில் இறங்கி உழுபவர்; அறுபதைக் கடந்தவர்; ஊரார் எல்லாருக்கும் அவர் அண்ணன் முறையில் பாரூக் நானா. இவ்விருவரும் தை முழுதும் வீடுவீடாய் ஏறி இறங்கிப் பேசியது ஒன்றைத்தான். நெல்லை ஈரத்தோடு கொடாமல் உலர்த்தி வைப்போம். ஒரே இடத்தில் சேர்ப்போம். பல ஊர் வணிகரையும் ஒரே நாளில் அழைப்போம். விலையை எல்லார் காதிலும் விழ உரக்கச் சொல்லட்டும். கூடிய விலைக்கு எல்லாரும் கொடுப்போம், நூற்றுப்பத்து எட்டாவிட்டால் எவரும் கொடோம். வழிபாட்டுக்கு வேறு வேறு இடம் போகிறவர்கள் விலைக்கு ஒரே இடம் வந்தார்கள். தொழிற்சாலை முற்றத்தில் ஒரு பெருங்கூடையை வைத்து, வீட்டுக்கு ஒருவராய் வந்து தத்தம் நெல்லில் ஒரு பிடி அதில் இட்டு உறுதி சொன்னார்கள். மரியகொறற்றியின் வரப்புக்கு அடுத்த வரப்புக்காரி கலாராணி. ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள், ஒரே மடையில் நீர் பாய்ச்சுகிறவர்கள். மருத்துவர் வைத்த நிபந்தனையும், அந்த வயல் மண்மூடிப் போனால் தன் வயலுக்கும் நீர் வராது என்பதும் கலாராணிக்குத் தெரியும். அவள் ஒரு பிடிக்கு இரண்டு பிடியாய் இட்டாள்.

"அக்கா, நீ குடுக்கலன்னா நானும் குடுக்க மாட்டேன். அது நிச்சயம்" என்றாள்.

இவ்வளவும் ஒழுங்காய் நடந்தது. பிறகு ஒரு பிழை நடந்தது; தோட்டத்தில் வளர்ந்தவர் அன்றி வேறெவரும் செய்திருக்க மாட்டாத பிழை. வணிகரை அழைப்பது யார் என்ற கேள்வி எழுந்தபோது, தாமே தொலைபேசியில் பேசுவதாகப் பாரூக் சொன்னார். உடனே கூட்டம் தயங்கிற்று. வெளியூரார்க்கு ஒரு சொல் அனுப்புவதென்றால், ஒரு படிவம் நிரப்புவதென்றால், பெரிய இடத்தில் ஒரு பேச்சுப் பேசுவதென்றால், நூறாண்டாய் அம்மக்கள் போய் நிற்பது கணக்கப்பிள்ளையின் வாசலில்தான். கொழுந்தை நிறுப்பவரும் அவர், பெயர் எழுதுபவரும் அவர், தராசு முள் அசையுமுன்னே சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் இரண்டு கிலோ கழிப்பவரும் அவர். கழித்தவர் என்று தெரிந்தும், கழிக்கக் கற்றவருக்குத்தான் பேசவும் தெரியும் என்று நம்புவது அவர்களுக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். கணக்கப்பிள்ளையின் தராசிலிருந்து தப்பிக் கீழே இறங்கி வந்தவர்கள், தமக்கென்று ஒரு சந்தை அமைத்த முதல் நாளே அதில் ஒரு நாற்காலி போட்டு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை வின்சன்டை அழைத்து உட்கார வைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் சொன்னவளே மரியகொறற்றிதான். கண்டியில் வேலை பார்க்கும் அவள் மகன் கிஷானுக்குத் திருமுழுக்கில் ஞானத்தந்தையாய் நின்றவர் அவர். பீடத்தின் முன் பிள்ளையைத் தாங்கிய கை தன்னைத் தள்ளாது என்று எண்ணினாள்.

வின்சன்டும் மறுக்கவில்லை. மாடத்தின் திறவுகோலை வாங்கிக்கொண்டார். கம்பளையிலிருந்து ஒருவர், குருநாகலிலிருந்து ஒருவர், கண்டியிலிருந்து ஒருவர், மாத்தளையிலிருந்து இருவர் வருவதாகச் சொன்னார். கட்டடத்துக்குரியவர் விற்பனை நாளன்று மாலைக்குள் மாடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாகவும் கூடவே சொன்னார். அப்பேச்சை அன்று எவரும் நின்று கேட்கவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். எட்டு மணிக்கு மூன்று பாரவூர்திகள் மேடேறி வந்தன. மாத்தளைக்காரர் இருவரையும் காணோம். வழியில் ஏதோ தடை என்றார் வின்சன்ட். தூய வெண்மேலாடையும் சட்டைப்பையில் எழுதுகோலுமாய் அவர் முற்றத்தின் நடுவே அமர்ந்திருக்க, முப்பத்தொரு வீட்டாரும் சூழ்ந்து நிற்க, விலை கூறல் தொடங்கிற்று. கம்பளைக்காரர் எண்பத்தெட்டு என்றார். குருநாகற்காரர் முகத்தைத் தடவிக்கொண்டு தொண்ணூறு என்றார். கண்டிக்காரர் மாடத்துக்குள் ஏறி, நெல்லை வாயிலிட்டுக் கடித்து, திரும்பி இறங்கித் தொண்ணூற்றிரண்டு என்றார். மற்ற இருவரும் தலையை அசைத்து, அதற்கு மேல் தம்மால் ஆகாது என்று கையை விரித்தனர்.

தொண்ணூற்றிரண்டு. கேட்டவர்களில் சிலர் மகிழ்ந்தார்கள் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. விலையை ஒருவன் உரக்கச் சொல்லி அவர்கள் கேட்டது அன்றுதான் முதல்முறை. தம் முன்னே மூன்று பேர் போட்டியிட்டதைக் கண்ட களிப்பில், போட்டி எந்த இடத்தில் நின்றது என்பதைச் சிலர் கவனிக்கவில்லை. மரியகொறற்றி கவனித்தாள். நூற்றுப்பத்துக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் இடையில் தன் வயல் முழுதும் விழுந்து கிடப்பதை அவள் கண்டாள்.

அதற்குள் வந்தவர்களின் ஆட்கள் வெற்றுச் சாக்குக் கட்டுகளை முற்றத்தில் வீசத் தொடங்கினர். உழவரின் சாக்கு உழவருக்கே. நெல்லை வணிகரின் சாக்கில் கொட்டி நிறுத்தால்தான் விற்பனை முடிந்ததாகப் பொருள். மொத்த நெல்லையும் மூவருமாகப் பகிர்ந்து ஏற்றுவதென்று வின்சன்ட் சொல்ல, மூன்று வண்டியிலிருந்தும் சாக்குகள் இறங்கின. சாக்கைக் கண்டால் ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பார்ப்பது கொழுந்து சுமந்தவர்களின் வழக்கம். ஓட்டைச் சாக்கில் சிந்திய கொழுந்துக்கும் அவர்கள் கூலியில்தான் கழிவு. மனம் எங்கோ இருக்க, மரியகொறற்றியின் கை தானாகக் கம்பளைக்காரரின் சாக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிற்று. கிழிந்த இடத்தில் நீல நிறப் பையின் துண்டொன்றை வைத்து, சிவப்பு நூலால், மீன்முள் போல் சாய்த்துச் சாய்த்துத் தைத்திருந்தது. முடிவில் நூலை மூன்று முறை சுற்றி முடிந்திருந்தது. நல்ல தையல் என்று எண்ணிக் கீழே வைத்து, குருநாகற்காரரின் கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதே நீலத் துண்டு, அதே சிவப்பு நூல், அதே மீன்முள், அதே மூன்று சுற்று. கண்டிக்காரரின் கட்டை அவிழ்த்தாள். அதிலும் அதுவே.

மூன்று ஊர் மூன்று ஆலைகளின் சாக்குகளை ஒரே கை தைக்க முடியாது, வாசகரே. வந்திருந்தவர்கள் மூவர் அல்லர், ஒருவர். ஆண்டுதோறும் களத்துக்கு வந்து "ஈரம்" என்று சொன்ன அதே ஆலைக்காரர்தான் இம்முறை தம் ஆட்கள் மூவரை மூன்று பெயரில் அனுப்பி, விலை கூறுவதுபோல் ஒரு கூத்தை ஆடவைத்திருந்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. இங்கே சாட்சிக்கு மூன்று ஓணான்.

அவள் மூன்று சாக்கையும் தோளிலிட்டுக்கொண்டு நடுமுற்றத்துக்கு வந்து, வின்சன்டின் காலடியில் விரித்தாள்.

"ஐயா, இந்த மூணையும் கொஞ்சம் பாருங்க. மூணு பேரு சாக்கும் ஒரே ஆள் தச்சிருக்காங்க. இவங்க மூணு பேரும் யாருங்க?"

வின்சன்ட் சாக்கைப் பார்க்கவில்லை. "கொறற்றி, சாக்கு சந்தையில வாங்குறது. எல்லாரும் ஒரே எடத்துல வாங்கியிருப்பாங்க. நீ பேசாம இரு, காரியம் நடக்கட்டும்" என்றார்.

"சந்தையில வாங்குன சாக்கு கிழிஞ்சா அவங்கவங்க ஆலையிலதானே ஒட்டு வப்பாங்க? சரி, மாத்தளை ஆளுங்க எங்க? அதையாச்சும் சொல்லுங்க."

அதுவரை ஓரமாய் நின்ற பாரூக் அப்போதுதான் தம் கைபேசியை எடுத்தார். மாத்தளையில் சிறு ஆலை நடத்தும் அர்கம் என்பவரை அவர் ஒரு திருமண வீட்டில் கண்டு எண்ணை வாங்கி வைத்திருந்தார். நோன்பினால் உலர்ந்திருந்த வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டு, பேச்சு எல்லார் காதிலும் விழும்படி ஒலியைக் கூட்டிக் கையை உயர்த்திப் பிடித்தார்.

"அர்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் கலஹா பாரூக் பேசுற. இன்டக்கி நெல்லுக்கு நீங்க வாரண்டுதானே ஈந்த?"

"வஅலைக்கும் ஸலாம் நானா. வாரத்துக்குத்தான் ஈந்தேன். வின்சன்ட் மாஸ்டர் புதன்கிழம கோல் எடுத்து, சந்தை பெருநாளுக்குப் பொறகு தள்ளிப் போட்டுட்டண்டு சொன்னாரே. மத்த ஆளுக்கும் அப்படித்தான் சொல்லீக்கி."

மேலே சாலையில் ஒரு முச்சக்கர வண்டி ஏறிச் செல்லும் ஓசை கேட்டது.

"நெல்லு நல்லாக் காஞ்சீக்குது அர்கம். நீங்க என்ன வெல தருவீங்க?"

"காஞ்ச நெல்லுண்டா நூத்திப் பதினாலு. ஆனா இன்டக்கி லொறி இல்ல. திங்கக்கிழம காலைல வாரேன். நானூறு மூட்டையும் ஈக்கணும் நானா. அம்பது அறுவது மூட்டைக்கி மலை ஏறி வந்தா டீசலுக்கே காணாது."

நூற்றுப்பதினான்கு. முப்பத்தொரு வீட்டாரும் தம் காதால் கேட்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் தாம் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னவர்கள் பலர்.

வின்சன்ட் எழுந்து நின்றார். தோட்டத்துத் தராசடியில் முப்பதாண்டு பேசிய அதே குரல். "நான் உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன். மாத்தளையான் இன்னைக்கு வருவான், நாளைக்கு வரமாட்டான். இவங்க வருசா வருசம் வாறவங்க. இவங்கள பகச்சிக்கிட்டா அடுத்த போகம் யாரு கிட்ட போய் நிப்பீங்க? சாயந்தரத்துக்குள்ள மாடம் காலியாகணும். யோசிச்சு செய்யுங்க" என்றார். கண்டிக்காரராய் வந்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு மணி வரைதான் தொண்ணூற்றிரண்டு என்றும், அதன் பிறகு எண்பத்தெட்டு என்றும் சொன்னான். இப்போது மற்ற இருவரும் போட்டியிடுவதாகக் கூடக் காட்டிக்கொள்ளவில்லை; பாரவூர்தியின் நிழலில் அமர்ந்து வெற்றிலை போட்டார்கள்.

மரியகொறற்றி ஊராரை நோக்கித் திரும்பினாள். அவள் பேச்சுத் தெரிந்தவள் அல்லள், அன்று பேசினாள். "ரெண்டே நாளு. திங்கக்கிழம வரைக்கும் பொறுப்போம். மாடத்துல வைக்க முடியாதுன்னா பாரூக் நானா வீட்டு முத்தத்துல வைக்கலாம், எங்க வீட்டுல வைக்கலாம். நான் சொமக்குறேன். எல்லா மூட்டையும் நானே சொமக்குறேன். நூத்திப் பதினாலுன்னு உங்க காதுலயும்தானே விழுந்துச்சு?" என்றாள். பாரூக், தம் வீட்டு முற்றமும் முன்கூடமும் பின்கொட்டிலும் நானூறு மூட்டைக்குக் காணும் என்றும், மழை வந்தால் தம் படுக்கையறையையும் திறந்துவிடுவதாகவும் சொன்னார்.

எவரும் இல்லை என்று சொல்லவில்லை. எவரும் ஆம் என்றும் சொல்லவில்லை. ஒருவருடைய காணி உறுதிப் பத்திரத்துக்கான படிவம் வின்சன்டின் மேசையில் இருந்தது. ஒருவர் மகளுக்கு வின்சன்ட் கண்டியில் ஒரு கடையில் வேலை சொல்லியிருந்தார். ஒருவருக்கு எதுவுமே இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது. அச்சத்துக்கு ஏழு காரணம் கிடைக்கும். துணிவுக்கு ஒன்றைத் தேடினாலும் கிடைப்பதில்லை. வெயில் முற்றத்தில் ஏற ஏற அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தத்தம் மூட்டை இருக்கும் திசையைப் பார்க்கலானார்கள்.

முதலில் நடந்தவள் கலாராணி. மாடத்துக்குள் ஏறி, தன் மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி, மரியகொறற்றி வின்சன்டின் காலடியில் விரித்த அந்த மூன்று சாக்குகளுள் ஒன்றை எடுத்து உதறி, தராசடியில் பிடித்து, நெல்லைக் கொட்டினாள்.

"ராணி" என்றாள் மரியகொறற்றி.

"அக்கா, ஒனக்கு ஒரு வயலு. எனக்கு மூணு புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த மூட்டைக்கு ஏறிப் போனாள்.

ஒருத்தி கொட்டியபின் மற்றவர்களுக்குக் கால் முளைத்தது. வரிசை பிடித்து இறங்கினார்கள். பதினொரு மணிக்குள் இருபது வீட்டு நெல் போயிற்று. பன்னிரண்டுக்குள் இருபத்தொன்பது வீட்டு நெல்லும் போயிற்று. விலை குறைந்துவிடும் என்ற பதற்றத்தில் பின்வந்தவர்கள் ஓடினார்கள். தராசு முள்ளை எவரும் பார்க்கவில்லை, மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக்கென்று கழித்ததையும் எவரும் கேட்கவில்லை. எங்கும் காணாத ஒழுங்கோடு, உரக்கச் சொன்ன விலையில், ஊர் கூடி, பட்டப்பகலில், அவர்கள் தம்மைத் தாமே விற்றுக்கொண்டார்கள். மாடத்தில் எஞ்சியவை மரியகொறற்றியின் இருபது மூட்டையும் பாரூக்கின் இருபத்தாறு மூட்டையும்தான். "தங்கச்சி, நான் விக்கலை" என்று மட்டும் சொல்லி, அந்த மனிதர் நோன்பு வாயோடு தம் மூட்டையைத் தோளில் ஏற்றினார். இருவருமாய் மாலை வரை சுமந்து அவர் வீட்டு முற்றத்தில் சேர்த்தார்கள்.

திங்கட்கிழமை பாரூக் மாத்தளைக்குப் பேசினார். நாற்பத்தாறு மூட்டைக்கு வண்டி மலையேறாது என்பது அர்கமின் விடை. அதில் அவர்மேல் குற்றமில்லை. அவர் முன்னமே சொல்லியிருந்தார். சில்லறையாய் விற்கவும் அலைந்தார்கள், கண்டிக் கடைத்தெருவில் நாலைந்து கடைகளின் படியேறி வெறுங்கையோடு இறங்கினார்கள். பருவமழை தப்பிப் பெய்யத் தொடங்க, ஒன்பதாம் நாள், அதே ஆலையின் அதே ஆள் வந்து, மூட்டைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, எண்பத்தாறு சொன்னான். ஊரார் அச்சத்தால் கொடுத்த விலையைக் காட்டிலும், உறுதிக்காகக் காத்தவர்களுக்கு ஆறு குறைந்தது. மருத்துவர் தம் சொல்லில் தவறவில்லை. நல்லவர்கள் தம் சொல்லில் தவறுவதில்லை. மூன்றாம் வாரம் மரியகொறற்றியின் வயலில் செம்மண் ஏற்றிய வண்டிகள் பின்னோக்கி வந்து கொட்டத் தொடங்கின. மடையை அடைத்ததால் கலாராணியின் வயலுக்கும் நீர் வரும் வழி அடைபட்டது. வின்சன்டுக்கு என்ன கிடைத்தது என்று பலர் பலவாறு சொன்னார்கள். அவர் மருமகன் றொட்னி அந்த ஆலையில் மேற்பார்வையாளனாய்ச் சேர்ந்தான் என்பது மட்டும் எனக்குத் திண்ணமாய்த் தெரியும்.

அவ்வார ஞாயிறு மரியகொறற்றி திருப்பலிக்குப் போனாள். மண் வண்டியின் ஓசையைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் அவளுக்கு இல்லை. அவளைக் கண்டதும் பின்வரிசைகளில் பேச்சு நின்றது. கலாராணி மட்டும் எழுந்து வந்து, பழைய வழக்கப்படி அவளருகில் அமர்ந்தாள். முன்வரிசையில் வின்சன்ட் இருந்தார். ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு பங்குத்தந்தை சொல்ல, கூட்டமெல்லாம் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்பிற்று. வின்சன்ட் திரும்பினார். அவள் கண்ணைச் சந்தித்ததும் பாதியில் நின்றன அவர் கைகள். கோவில் முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, மரியகொறற்றி அவருக்குக் கைகூப்பினாள். வெறுப்பின்றிக் கூப்பினாள். ஒருவன் விலை கேட்டான், ஒருவர் விலைபோனார். சந்தையில் வாழ்கிறவளுக்கு அது விளங்காத செய்தியன்று.

பிறகு வலப்பக்கம் திரும்பினாள். கலாராணி முன்னமே கைகூப்பி நின்றாள்; கண்கள் நிறைந்திருந்தன. "சமாதானம் அக்கா" என்றாள், மிக மெல்ல.

விலை பெற்றுக்கொண்டு நம்மை விற்றவரை மன்னிக்க நெஞ்சில் எங்கேனும் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது, வாசகரே. ஒன்றும் பெறாமல், தமக்கும் கேடு வரும் என்று தெரிந்தே, நம் கையை விட்டுவிட்டுப் போனவரை எப்படி மன்னிப்பது என்பதைத் தவக்காலம் நாற்பது நாளும் எவரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் முயன்றாள். நாணயமாகவே முயன்றாள். நானூறு மூட்டையைச் சுமக்கத் துணிந்திருந்த அந்தக் கைகள், தொங்கிய இடத்தை விட்டு மேலே எழவில்லை.